இருபது செக்கன்

என்ட கடைக்கு வந்து, "அக்கா, இந்தப் போன் ஏன் ஹேங் ஆகுது?" எண்டு கேக்கிறவங்களோட நான் நல்ல முறையில கதைக்கிறதில்ல. உட்துறைமுக வீதியில எல்லாருக்கும் அது தெரியும். தெரிஞ்சுதான் வாறாங்கள். பக்கத்துக் கடையில தையல் தைக்கிற றோஸ் அக்காவிட்ட ஆரும் விசாரிச்சா, "ரிப்காவுக்குக் கோவம் மூக்கு நுனியில இருக்கும், ஆனா செத்த போனையும் எழுப்பிப் போடுவாள்" எண்டுதான் சொல்லுவா. ரெண்டும் உண்மைதான். மறுக்கிறதுக்கு எனக்கு நேரமுமில்ல.

ஆனா ஹேங் எண்ட சொல்லைக் கேட்டாலே எனக்கு விசர் வாறதுக்கு ஒரு காரணம் இருக்கு. போன வருசம் ஓகஸ்ட் மாசம் என்ட புருசன் இஹ்ஸான் ஒரு ராவும் ஒரு பகலும் கடலில கிடந்தார். சல்லி எண்ட கரையூரில, கஜீபன் எண்ட பொடியன்ட பைபர் போட்டில மீன் பிடிக்கப் போறவர் அவர். மோட்டர் நிண்டு போச்சு, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிற்று. கையில போன் இருந்தது. எந்த இடத்தில நிக்கிறம் எண்டு பார்த்து ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தா காணும், கரையில இருந்து ஆக்கள் போயிருப்பாங்கள். உப்புத் தண்ணி பட்டது, போன் ஹேங். பற்றரியைக் கழட்டிப் போட்டார், வந்தது, ஒரு நிமிசத்தில திருப்பியும் ஹேங். சார்ஜ் முடியுமட்டும் அப்பிடியே. கடைசியில ஒரு ட்றோலர்காரன் கண்டு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான்.

அந்தப் போன் நான் திருத்திக் குடுத்தது. குடுத்து மூண்டே நாள்.

உதடு வெடிச்சு, கண் சிவந்து, கதிரையில வந்து விழுந்தவருக்குத் தண்ணி குடுத்தன். குடுத்திட்டு முதல் கேட்டது போனைத்தான். இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு. அதிலேயே வச்சுக் கழட்டிப் பார்த்தன். டச் சிப்புக்குப் போற ஒரு லைனில உப்பு. அவ்வளவுதான். ஜிபிஎஸ் நல்லம், சிக்னல் பிடிச்சு மெசேஜ் அனுப்புற மொடம் நல்லம், எல்லாம் நல்லம். விரல் படுறதைப் பார்க்கிற ஒரு சின்னச் சாமான் பைத்தியம் பிடிச்சு ஆடினதில முழுப் போனும் விழுந்திருக்கு. ஒராளுக்குக் காய்ச்சல் எண்டா வீட்டில எல்லாரும் சாகிறதா?

"இனிக் கடலுக்குப் போகப்படாது" எண்டன். "ஹேங் ஆகாத போன் ஒண்டு நான் செய்து தாற வரைக்கும் நீங்க கரையிலதான்."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் நிண்டு கேக்கல்ல. அடுப்பில சோறு இருந்தது, நெஞ்சில கோவம் இருந்தது. குசினிக்குள்ள போயிட்டன்.

செய்து தாறன் எண்டு சொல்லுறது லேசு. செய்யத் தொடங்கினாப் பிறகுதான் மண்டை காய்ஞ்சுது.

போனுக்குள்ள நடுவால கேர்னல் எண்டு ஒரு புரோகிராம் ஓடும், எல்லாத்துக்கும் அதுதான் தலைமை. ஸ்கிரீனை ஓட்டுற ட்ரைவர், டச்சை ஓட்டுற ட்ரைவர், ஜிபிஎஸ்ஸை ஓட்டுற ட்ரைவர், இந்தச் சின்னப் புரோகிராமுகள் எல்லாம் சாதாரண போனில அந்தக் கேர்னலோட ஒரே அறையில பாய் போட்டுப் படுத்திருக்கும். ஒண்டு வலிப்பு வந்து உதைச்சா எல்லாத்துக்கும் அடி. மைக்ரோகேர்னல் எண்டது வேற மாதிரி. அதில கேர்னல் நல்லாச் சின்னது. அறைக்கு அறை செய்தி கொண்டுபோறதும் கதவைக் காக்கிறதும்தான் அதுக்கு வேலை. ட்ரைவருகள் ஒவ்வொண்டும் தனித்தனி அறையில. ஒண்டு விழுந்தா அதை மட்டும் தூக்கிப் போட்டிட்டுப் புதுசா ஒண்டை எழுப்பலாம். மற்றதுகள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

வெளிநாட்டில சில பேர் அப்பிடி ஒண்டை எழுதி எல்லாருக்கும் சும்மா குடுத்திருந்தாங்கள். அது அவங்கட மேசையில இருக்கிற போர்டில நல்லா ஓடும். என்ட கையில இருந்ததோ பத்து வருசப் பழைய போன், பின் மூடி கழட்டுற மொடல். அதுக்கு ஒரு ட்ரைவரும் இல்ல. நான் எழுதினா உண்டு.

நான் கெம்பஸ் போனவள் இல்ல. ஏஎல் சோதினையில கணக்குப் பாடம் எடுத்து, பிறகு இந்த வேலையைக் கையால பழகி, புரோகிராம் எழுதுறதை இரவல் புத்தகத்திலயும் நெட்டிலயும் படிச்சவள். ஆனா பெரிய ஆக்களிட்ட இல்லாத ஒண்டு என்னட்ட இருந்தது. போனுக்குள்ள இருக்கிற போர்டைப் பற்றி, திருத்துறவங்கள் தங்களுக்குள்ள மாத்திக்கொள்ளுற படங்கள். எந்தச் சிப்பிட எந்தக் கால் எங்க போகுது, எந்த இடத்தில எத்தினை வோல்ட் நிக்கோணும், எல்லாம் அதில இருக்கும். பற்றரி இருக்கிற குழிக்குப் பக்கத்தில ரெண்டு சின்னச் செம்புப் புள்ளி. அதில தலைமயிர் மாதிரி ரெண்டு கம்பியைப் பத்தவச்சு கம்பியூட்டரில குடுத்தா, போன் எழும்பும்போதே உள்ளுக்குள்ள புறுபுறுக்கிறது எல்லாம் எழுத்தா வரும்.

விடிய சுபஹ் தொழுதிட்டு ஜமாலியாவில இருக்கிற வீட்டில இருந்து சைக்கிளில வந்து கடையைத் திறந்தா, ஆக்கள் வரமுதல் ரெண்டரை மணித்தியாலம் எனக்குத்தான். முதல் மாசம் முழுக்கப் போன் ஒரு சொல்லுச் சொல்லல்ல. ரெண்டாம் மாசம் ஒரு வரி வந்தது, அதோட நிண்டு போச்சு. ஸ்கிரீனில ஒரு வெள்ளைச் சதுரம் கீறினது நோன்பு மாசத்தில. அண்டைக்கு றோஸ் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினன். "இதுக்கா ஆறு மாசம்?" எண்டு கேட்டுப் போட்டு, என்ட முகத்தைப் பார்த்ததும் "வடிவான சதுரம்" எண்டு சொல்லிட்டுப் போயிட்டா.

ஜிபிஎஸ்தான் என்னை உரிச்சுத் தொங்கவிட்டது. அந்த மொடலில அது தனிச் சிப். ட்ரைவர் எழுதி அனுப்பினா மறுமொழி இல்ல. திருத்தி எழுதினன், இல்ல. ரெண்டு கிழமை திட்டித் தீர்த்தன். கடைசியில புரோகிராமை விட்டிட்டு மீற்றரை எடுத்து அதிட காலில வச்சன். பூச்சியம். கரண்டே போகல்ல. கரண்ட் குடுக்கிற இன்னொரு சிப்பிட்ட முதல்ல கேக்கோணுமாம், பிறகுதான் இதுக்கு உசிர் வருமாம். கேட்டன். ஒண்டு தசம் எட்டு வோல்ட் எண்டு மீற்றரில வந்த நேரம் நான் அழுதிட்டன். கடையில ஒரு ஆள் நிண்டார். என்னைப் பார்த்துப் பயந்து, திருத்தக் கொண்டுவந்த போனை மேசையில வச்சிட்டுப் போயிட்டார்.

எல்லாத்துக்கும் மேல ஒரு காவல்காரனை எழுதினன். அவனும் ஒரு புரோகிராம்தான், தனி அறைக்காரன். ஒவ்வொரு ட்ரைவரையும் தட்டிக் கேப்பான். இருபது செக்கனுக்குள்ள சரியான பதில் வரோணும். வராட்டி, செத்துப் போச்சு எண்டு கணக்கெடுத்து, அந்த ட்ரைவரையும் அதிட சிப்பையும் முதல்ல இருந்து எழுப்புவான். ஏன் இருபது எண்டு ஆரும் கேக்கல்ல. கேட்டிருந்தா, அதுக்கு மேல எனக்குப் பொறுக்க ஏலாது எண்டு சொல்லியிருப்பன். கடை வாசலில வச்சா ஜிபிஎஸ் எட்டு செக்கனில இடத்தைச் சொல்லும். பிறகென்ன?

ஸ்கிரீனில அஞ்சு வரி. ஸ்கிரீன், டச், ஜிபிஎஸ், மொடம், காவல். உசிரோட இருந்தா பச்சை, விழுந்தா சிவப்பு. கீழ சல்லிக் கரைக்கு ஒரு அம்புக்குறி. சிக்னல் கிடைக்கிற நேரம் கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா, எங்க நிக்குது, எது எத்தினை தரம் விழுந்து எழும்பினது எண்டு எனக்கு மெசேஜ் வரும். நான் அனுப்புற மெசேஜ் ஸ்கிரீனில தெரியும். இஹ்ஸானை மேசையில இருத்தி எல்லாத்தையும் காட்டினன். போனில உப்புத் தண்ணி ஊத்தினம். டச் சிவப்பாச்சு, எழும்பினது, திருப்பி விழுந்தது, எழும்பினது. மற்ற நாலும் பச்சை. அம்புக்குறி அசையாம நிண்டது.

"ஒரு வரியை அமத்திப் பிடிச்சா அது நிண்டிரும். நான் சோதிச்சுப் பார்க்க வச்சது" எண்டன். "ஆனா கடைசி வரியை மட்டும் தொடப்படாது. அது காவல். அவனை நிப்பாட்டினா பிறகு ஆர் பார்க்கிறது?"

"சரி" எண்டார்.

"கையடக்க ஜிபிஎஸ் ஒண்டு வாங்கினா இவ்வளவு கரைச்சல் இல்லயே" எண்டு றோஸ் அக்கா ஒருநாள் கேட்டா. கஜீபன்ட பழையது போன வருசத்து அலையோட போயிற்று. வாங்கலாம்தான். எனக்கு வேணாம். பிழைச்சது போன், போன்தான் திருந்தோணும். அப்பிடி ஒத்தக் காலில நிண்டன்.

அந்தப் பதினாலு மாசமும் இஹ்ஸான் ஐஸ் போடுற இடத்தில வேலை செய்தார். மற்ற ஆக்கள் கடலுக்குப் போறதுக்கு இவர் ஐஸ் ஏத்துவார். பின்னேரம் வந்து கதிரையில இருந்து சும்மா சுவரைப் பார்ப்பார். கதை குறைஞ்சு போச்சு. கடல் இல்லாம மனுசன் வாடுறார், என்னாலதான் வாடுறார் எண்டு எனக்குள்ள ஒரே குத்தல். அதால இன்னும் வேகமா எழுதினன்.

ஒக்டோபர் முதல் கிழமை போன் செய்து முடிஞ்சுது. நேரா வீட்டை போய், "சனிக்கிழமை கடலுக்குப் போங்க" எண்டன்.

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சனிக்கிழமையா" எண்டார். "ஓம், சனிக்கிழமை. கஜீபனிட்டச் சொல்லிட்டன்" எண்டன். போனைச் சட்டைப் பைக்குள்ள வச்சார்.

சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டுப் போனாங்கள். நான் ஏழு மணிக்கே கடைக்கு வந்திட்டன். ஆறே கால், ஆறரை, ஆறே முக்கால் எண்டு மெசேஜ் வரிசையா வந்து கிடந்தது. இடம் சரி, எல்லாம் சரி, டச் மட்டும் ரெண்டு தரம் விழுந்து எழும்பியிருக்கு. வயிறு குளிர்ந்து போச்சு. ஏழு மணியோட மெசேஜ் நிண்டது. அதுக்கு நான் பயப்படல்ல. வலை போட்டிட்டாங்கள் எண்டு அர்த்தம்.

போன வருசம் பட்ட பாட்டுக்குப் பிறகு கஜீபன் ஒரு பழக்கம் வச்சிருக்கிறான். வலை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் போட்டில இருக்கிற போனில இருந்து பற்றரியைக் கழட்டி, ரெண்டையும் அரிசி போட்ட பிஸ்கட் டின்னுக்குள்ள வச்சு மூடிப் போடுவான். சார்ஜும் மிச்சமாம், ஈரமும் இழுத்திருமாம். அவனைப் பார்த்து சல்லியில இன்னும் நாலஞ்சு போட்டில அப்பிடித்தான். எனக்கு அது முதலே தெரியும். "சோறாக்கப் போறியளோ" எண்டு பகிடி பண்ணினதும் நான்தான்.

எட்டே காலுக்கு அடுத்த மெசேஜ் வந்தது. மொடம் சரி, ஸ்கிரீன் சரி, டச் நாலு. ஜிபிஎஸ் முப்பத்தெட்டு. இடம் இல்ல.

முப்பத்தெட்டு தரம் விழுந்து எழும்பியிருக்கு.

வெளியில வந்து பார்த்தன். கடல் பக்கம் வானம் கறுத்து, குச்சவெளிப் பக்கமா மழை இறங்கிற்று. அந்த மழைக்குள்ள கடலில நிண்டா அடையாளத்துக்குப் பார்க்கிற மலையும் தெரியாது, கோயிலும் தெரியாது, ஒண்டும் தெரியாது. திசைகாட்டி வச்சிருக்கிறாங்கள். அது வடக்கைக் காட்டும். நீரோட்டம் எங்க கொண்டு வந்து விட்டிருக்கு எண்டு காட்டாது. புறாத்தீவைச் சுத்திப் பாறை. இங்கால வந்தா துறைமுகத்துக்குப் போற பெரிய கப்பல் பாதை. கண் தெரியாம மோட்டரை ஓட்டவும் ஏலாது, ஓட்டாம நிக்கவும் ஏலாது.

எட்டரைக்கு அடுத்தது. ஜிபிஎஸ் எண்பத்திரண்டு. இடம் இல்ல.

என்னட்ட அதே மாதிரி இன்னொரு போன் இருந்தது, சோதிக்கிறதுக்கு. வாசலில வச்சன். எட்டு செக்கன், இடம் வந்தது. ட்ரைவரை நிப்பாட்டித் திருப்பி ஓட்டினன். எட்டு. தண்ணி ஊத்தினன். எட்டு. மேசையில ஓங்கி அடிச்ச அடியில திருகாணிகள் எல்லாம் நிலத்தில கொட்டிப் போச்சு. சத்தம் கேட்டு றோஸ் அக்கா மடியில இருந்த பொத்தான் டின்னைக் கையில தூக்கிக்கொண்டு அப்பிடியே ஓடி வந்தா.

"என்ன புள்ள, என்ன?"

நான் அவட கையைப் பார்த்தன். பிஸ்கட் டின்.

அல்லாஹ்வே. பற்றரி.

என்ட மேசையில இருக்கிற போனுக்கு எந்த நாளும் கரண்ட் இருக்கு. ஜிபிஎஸ் சிப் கடைசியா நிண்ட இடத்தையும், நேரத்தையும், எந்தச் செய்மதி எங்க எண்டதையும் நினைவில வச்சுக்கொண்டிருக்கும். அதால எட்டு செக்கன். பற்றரியைக் கழட்டி ஒரு மணித்தியாலம் டின்னுக்குள்ள போட்டா எல்லாம் மறந்து போயிரும். திருப்பி ஒவ்வொண்டாத் தேடிப் பிடிக்க ஐம்பது செக்கனாவது வேணும். சிப்பைப் பற்றின தாளில அது எழுதியிருக்கு. நான் வாசிச்சனான். வாசிச்சிட்டு, இதெல்லாம் ஆர் பார்த்துக்கொண்டிருக்கிறது எண்டு அடுத்த பக்கத்துக்குப் போனனான்.

பற்றரியைக் கழட்டினன். உள்ளுக்குள்ள கொஞ்சம் கரண்ட் வச்சிருக்கிற சின்னச் சாமானையும் குறட்டு நுனியால தொட்டு வெறுமையாக்கினன். பற்றரியைப் போட்டு, போனைத் தூக்கிக்கொண்டு நடு ரோட்டுக்குப் போய் நிண்டு எண்ணினன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. சிவப்பு. சிப் முதல்ல இருந்து தொடங்கிற்று. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. சிவப்பு. ஓட்டோக்காரன் ஹோர்ன் அடிச்சுக்கொண்டே போறான். அங்க கடலில என்ட புருசன்ட கையில இருந்ததும் இதுதான். சிப் பழுதில்ல, மழை காரணமில்ல, உப்புக் காரணமில்ல. அது தேடிப் பிடிச்சுச் சொல்ல வரமுதல் நான் எழுதின காவல்காரன் அதிட பிடரியில அடிச்சு, முதல்ல இருந்து தொடங்கு எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறான். நாளைக்கு விடியுமட்டும் நிண்டாலும் அது இடத்தைச் சொல்லாது.

மெசேஜ் எழுதினன். அவசரத்தில மூண்டு தரம் பிழைச்சுது. 'கடைசி வரியை அமத்திப் பிடியுங்க. காவல் நிண்டிரும். பிறகு ஒண்டையும் தொடாமப் பொறுங்க.' அனுப்பின நேரம் எட்டு ஐம்பத்தொண்டு. போய்ச் சேர்ந்ததெண்ட அறிவிப்பு வரல்ல. மழை கடலைத் தாண்டி எங்கட கூரைக்கு வந்திட்டுது. சிக்னல் போயிருக்கும்.

எட்டே முக்கால் மெசேஜும் வரல்ல, ஒன்பதும் வரல்ல.

"இரு" எண்டு றோஸ் அக்கா கதிரையை இழுத்துப் போட்டா. எனக்கு இருக்க ஏலாது. மொடத்துக்கு என்னமும் செய்யலாமா, கரையில ஆருக்கும் எடுக்கலாமா எண்டு போனைத் தூக்கினன். சல்லியில கஜீபன்ட வீட்டுக்கு எடுத்தன். கஜீபன்ட போன் அங்கதான் சார்ஜில கிடக்குதாம், அவன் கொண்டு போகல்லயாம். இந்த மழைக்குள்ள ஒரு போட்டும் தேடப் போக ஏலாதெண்டு அவனிட பொஞ்சாதி அழுதுகொண்டு சொன்னா. அவவுக்கு ஆறுதல் சொல்ல என்னட்ட ஒண்டுமில்ல. நான்தானே அனுப்பினனான்.

எனக்குப் பயம். அவ்வளவு பயம் போன வருசமும் வரல்ல. போன வருசம் எனக்குக் கோவப்பட ஒரு போன் இருந்தது. இந்த முறை ஆரோட கோவப்படுறது? கையடக்க ஜிபிஎஸ் வேணாமெண்டு நிண்டது நான், சனிக்கிழமை எண்டு நாள் குறிச்சது நான், இருபது எண்டு எழுதினது நான். றோஸ் அக்கா செபமாலையை எடுத்தா. நான் தெரிஞ்ச துஆ எல்லாம் ஓதினன். ஓதி முடிச்சு நேரத்தைப் பார்த்தா நாலு நிமிசம்தான் போயிருக்கு.

ஒன்பது இருபதுக்கு மேசையில போன் அதிர்ந்தது.

இடம் இருந்தது. ரெண்டு நீள இலக்கம். கம்பியூட்டரில போட்டுப் பார்த்தன். புறாத்தீவுக்கு நல்லா வெளியால, சல்லிக்கு நேரா வாற பாதையில. பாறையைச் சுத்தி வந்திட்டாங்கள். "றோஸ் அக்கா, வாறாங்கள்" எண்டு கத்தினன். அவ என்ட தலையைத் தன்ட வயித்தோட சேர்த்துப் பிடிச்சுக்கொண்டு நிண்டா.

கண்ணைத் துடைச்சிட்டு மிச்சத்தை வாசிச்சன். ஜிபிஎஸ் நூற்றி முப்பத்தொண்டு. காவல், நிப்பாட்டப்பட்டது, எட்டு நாப்பத்தேழு.

எட்டு நாப்பத்தேழு. நான் மெசேஜ் அனுப்பினது எட்டு ஐம்பத்தொண்டு. அது போய்ச் சேர்ந்த அறிவிப்பு இப்பதான், ஒன்பது இருபத்தொண்டுக்கு வந்தது. நான் சொல்லமுதலே அவர் நிப்பாட்டியிருக்கிறார். தொடப்படாதெண்டு நான் சொன்ன வரியை.

ஓட்டோ பிடிச்சு சல்லிக்குப் போனன். மழை விட்டுத் தூறல் மட்டும். முத்துமாரியம்மன் கோயிலடியில மீன் காயப்போடுற சாக்கெல்லாம் நனைஞ்சு கிடந்தது. பத்தரை போல போட் வந்தது. ஆக்கள் இறங்கி இழுத்தாங்கள். இஹ்ஸான் கடைசியா இறங்கினார். சாரமும் சட்டையும் நனைஞ்சு, தலை நிமிராம வந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடிச்சன். பிடிச்சிட்டு என்ட வாயில முதல் வந்தது இதுதான்:

"கடைசி வரியைத் தொட வேணாமெண்டு சொன்னன்தானே?"

கஜீபன் மோட்டரைத் தூக்கினபடி சிரிச்சான். "அக்கா, உசிரோட வந்திருக்கிறம். முதல்ல அதுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

இஹ்ஸான் சிரிக்கல்ல. போட்டிட ஓரத்தில குந்திக்கொண்டு, போனைப் பொலித்தீன் பையால எடுத்து என்ட கையில தந்தார்.

"பெரிய கப்பல் ஒண்டு ஊதிச்சுது. எந்தப் பக்கமெண்டு தெரியல்ல" எண்டார். "கஜீபன் மோட்டரை நிப்பாட்டிட்டான். நான் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன். ஜிபிஎஸ் வரி பச்சையாகும், பிறகு சிவப்பாகும். செய்ய வேற வேலை இல்லாம எண்ணினன். இருபது. திருப்பி எண்ணினன். இருபது. ஒவ்வொரு முறையும் சரியா இருபது. பழுதான சாமான் எண்டா இப்பிடிக் கணக்கா விழுமா? அப்பதான் இது உன்ட வேலை எண்டு பிடிபட்டது."

"என்ட வேலையா?"

"அது சொல்ல வாயெடுக்குது. சொல்லி முடிக்க நீ விடுறாயில்ல. பதினொரு வருசமா உன்னோட குடும்பம் நடத்துறவனுக்கு இது தெரியாதா ரிப்கா? காவலை நிப்பாட்டினன். ஐம்பது செக்கன் கேட்டது, அவ்வளவுதான். பிறகு அம்புக்குறி வந்தது, பிடிச்சுக்கொண்டு வந்தம்."

இருபதை அறுபதாக்கிறன், நூற்றியிருபதாக்கிறன், பற்றரி கழட்டினா வேற கணக்கு வைக்கிறன் எண்டு வாயில வந்ததை எல்லாம் கடகடவெண்டு சொன்னன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டு போக, எனக்குக் குசினி ஞாபகம் வந்தது.

"போன வருசம் நீங்க வந்த அண்டைக்கு" எண்டன், "போகப்படாதெண்டு நான் சொன்ன நேரம் என்னவோ சொல்ல வந்தீங்க. என்ன அது?"

அவர் வலையிட ஈயக்குண்டு ஒண்டைப் பிடிச்சு உருட்டிக்கொண்டிருந்தார்.

"நானும் இனிப் போகல்ல எண்டு சொல்ல வந்தன்" எண்டார். "பயம். ராவெல்லாம் அந்தத் தண்ணிச் சத்தம் காதுக்குள்ள. ஆம்பிளை எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிச்சு, சொல்லத் தொடங்கினன். நீ உள்ளுக்குப் போயிட்டாய். அடுத்த நாள் பார்த்தா எனக்காகப் போன் செய்யத் தொடங்கிட்டாய். பதினாலு மாசம் நித்திரை இல்லாமச் செய்யிறாய். அதைக் கொண்டுவந்து சனிக்கிழமை எண்டு கையில தந்தா, நான் என்னெண்டு சொல்லுறது?"

நான் அப்பிடியே ஈர மணலில குந்திட்டன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசன் கடலை நினைச்சு வாடினார் எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன். ஒருநாளும் கேக்கல்ல. அவர் பயந்து பயந்து வேணாமெண்டு இருந்த கடலுக்கு, நான் மினக்கெட்டு ட்ரைவர் எழுதி, காவல் வச்சு, நாள் குறிச்சு அனுப்பியிருக்கிறன்.

"இப்பயும் பயமா?"

"பயம்தான். ஆனா இண்டைக்கு அந்தப் பயத்தோடயே எண்ணினன்" எண்டு சொல்லிட்டு ஈயக்குண்டைக் கீழ விட்டார்.

அந்த இருபதை நான் மாத்தத்தான் போறன், இண்டைக்கே. கஜீபன்ட டின்னையும், அவனைப் போல அரிசி போடுற மற்றப் போட்டுகளையும் கணக்கில எடுத்து மாத்துவன். அது வேற. இப்ப என்ட முன்னால இருந்தவரிட்டக் கேக்க ஒரு கேள்விதான் இருந்தது.

"திரும்பிக் கடலுக்குப் போக உங்களுக்கு விருப்பமா, இல்லயா?" எண்டு கேட்டன்.

அவர் கடலைப் பார்த்தார். இருபது செக்கன் போயிற்று, எனக்குத் தெரியும், நான் எண்ணினனான். சொல்லுங்களேன் எண்டு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடிச்சுக்கொண்டன். கஜீபன் பிஸ்கட் டின்னையும் வலையையும் தூக்கிக்கொண்டு வீட்டை போயிட்டான். தூறல் விட்டு வெயில் எறிக்கத் தொடங்கினது. அவர் இன்னும் யோசிச்சுக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில இருந்தன்.